தேர் ஓடும் நாளில் எது ஓடும்?

வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இரண்டு கேள்வி வரும். "எதுக்குங்க அது, எல்லாம் கூகுள்லயே இருக்கே?" என்பது ஒன்று. "மாசம் எவ்வளவு மிச்சமாகுது?" என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் மிச்சமாகாது. கூகுள் ஒன்னில் 2 டிபி இடத்துக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 32,500. செகண்ட் ஹேண்ட் மினி கம்ப்யூட்டர் ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு, ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ், ஐந்து வருட கரண்டு என்று கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அங்கேயேதான் வந்து நிற்கும். நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கூலி போட்டால் சுத்த நஷ்டம். காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். பார்த்திருக்கிறேன்.

தனியுரிமை என்று ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து அதைப் பிரசங்கம் செய்தால் என் மனைவியே சிரிப்பாள். அவளை நான் வளைத்தது வேறு வழியில். அதுதான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் இங்கே மகா தேரோட்டம். ஐந்து தேர்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாட வீதிகளைச் சுற்றி வரும். விநாயகர், முருகர், பெரிய தேரில் அண்ணாமலையார், பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், கடைசியில் சண்டிகேஸ்வரர். விடியலில் தொடங்கினால் நிலைக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். பெரிய தேர் போகும் உயரத்துக்கு மேலே எந்தக் கம்பியும் குறுக்கே இருக்க முடியாது. எங்கள் தெருவுக்கு வரும் ஃபைபர் மாட வீதியைக் கடந்துதான் வருகிறது. அதனால் தேருக்கு முன்பே கேபிள்காரப் பையன் வந்து கழற்றிச் சுருட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவான். மறுநாள் மாட்டுவான். அவன் சௌகரியப்பட்டால் அதற்கடுத்த நாள். மொபைல் நெட்? லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கியிருக்கும் ஊரில் கோபுரக் குறி முழுசாகத் தெரியும், ஒரு படம்கூட திறக்காது. பௌர்ணமி கிரிவலத்தன்றும் கொஞ்சம் இதே கதைதான்.

வீட்டு சர்வரில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்: தேரன்று அது எங்கள் வீட்டுக்குள் ஓடுமா? ஓடி, யாருக்காவது அன்றைக்கு உபயோகப்படுமா? ஆம் என்றால் வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் அதை வெளியே வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இணையத்தில் கிடைக்கும் "வீட்டிலேயே நிறுவ நூறு மென்பொருள்கள்" பட்டியலை இந்தச் சல்லடையில் போட்டால் ஐந்தோ ஆறோதான் தங்கும்.

முதலில் தங்குவது போட்டோ. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகச் சேமிக்கலாம் என்பது 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. இப்போது ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்ளேதான். நான் இம்மிச் ஓட்டுகிறேன். அலெக்ஸ் டிரான் என்பவர் தன் கைக்குழந்தையின் படங்களைச் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ள 2022-இல் எழுத ஆரம்பித்தது. நீண்ட நாள் "இதை மட்டும் நம்பிப் படங்களை வைக்காதீர்கள்" என்று முகப்பிலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் 2.0 வெளிவந்தபோதுதான் நிலையான பதிப்பு என்று அறிவித்தார்கள். அந்த எச்சரிக்கையாலேயே எனக்கு அவர்கள் மேல் மதிப்பு. இம்மிச் செயலியில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வசதி உண்டு. வீட்டு வைஃபையில் இருக்கும்போது உள்முகவரி, வெளியே போனால் வெளிமுகவரி என்று தானே மாறிக்கொள்ளும்படி வைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் சர்வர் அலமாரி மேலேயே உட்கார்ந்திருக்கும், படம் மட்டும் நெட் வந்தால்தான் திறக்கும். முகம் கண்டுபிடிப்பதில் அம்மாவையும் என் சித்தியையும் ஒரே ஆளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. "சின்ன வயசுல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க," என்று அம்மாவுக்கு இதில் பெருமை வேறு. நான் பிரித்து வைக்கவில்லை.

இரண்டாவது, காகிதம். என்னைக் கேட்டால் போட்டோவைவிட முக்கியமானது. பட்டா, சிட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் சாதிச் சான்று, வருமானச் சான்று, வரி ரசீது. ஊர் 2024-இல் மாநகராட்சி ஆனதால் ரசீதில் தலைப்பு வேறு மாறிவிட்டது. இதையெல்லாம் ஸ்கேன் செய்து போட பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்று ஒரு மென்பொருள். படத்தில் உள்ள எழுத்தை டெசராக்ட் படித்துக் கொடுக்கும். டெசராக்ட் எச்பி நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியே வந்தது. இப்போது தமிழும் படிக்கும். ஆனால் பேப்பர்லெஸின் டாக்கர் இமேஜில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் மட்டும்தான் கூடவே வரும். தமிழை நாம்தான் சேர்க்க வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில். தமிழ்க் கோப்பை இறக்கிக்கொள் என்பதற்கு ஒரு அமைப்பு, படிக்கும்போது ஆங்கிலத்தோடு தமிழையும் பயன்படுத்து என்பதற்கு இன்னொரு அமைப்பு. பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்: ஒன்று பன்மை, ஒன்று ஒருமை. தமிழ் ரசீதெல்லாம் கிறுக்கல் கிறுக்கலாகப் படிக்கப்பட்டு வந்தால் இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

அச்சடித்த தமிழை நன்றாகவே படிக்கிறது. முத்திரைத்தாளில் பத்திர எழுத்தர் கையால் எழுதிய பழைய கிரயப் பத்திரத்தைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. எனக்கே பாதி புரியாது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. அதனால் நான் தேடலை நம்புவதில்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் கையால் குறிச்சொல் போடுகிறேன்: ஆள் பெயர், வருடம், எந்த ஆபீஸ் சம்பந்தப்பட்டது. சலிப்பான வேலைதான். ஆனால் ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அடுத்த நாள் மழையில் இங்கே மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போயிற்று. அந்தத் துக்கத்துக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் பேச்சு அற்பம். இருந்தாலும் சொல்கிறேன், சாத்தனூர் அணைத் தண்ணீர் ஏறிய தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் ஜனங்கள் பள்ளிச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் திண்ணையில் காய வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, இந்தச் சலிப்பான வேலையை நான் தள்ளிப்போடுவதில்லை.

மூன்றாவது, புத்தகமும் பாட்டும். காலிபர் தெரியும்தானே, மின்னூல்களை அடுக்கி வைக்க உலகம் முழுக்க பயன்படுத்துவது. அதை 2006-இல் எழுத ஆரம்பித்தவர் கோவித் கோயல், நம் நாட்டுக்காரர். அந்த நூலகத்தை வீட்டு வைஃபையில் பிரவுசரில் திறக்க காலிபர் வெப் என்று வேறொரு குழு செய்தது இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் மின்னூல்கள் என்று அதில் போட்டு வைத்திருக்கிறேன். கூடவே கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிபீடியா முழுவதும் ஒரே கோப்பாக. தேரன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பையன் நெட் இல்லாமல் இதில் ஏதோ கிரிக்கெட் சங்கதி தேடிப் படித்துக்கொண்டிருந்தான். பாட்டுக்கும் கேசட்டிலிருந்து மாற்றிய உபன்யாசங்களுக்கும் ஜெல்லிஃபின். அதைப் பற்றித் தனியாக எழுதினால்தான் அடங்கும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. எபன் மோக்லன் 2010-இல் முன்வைத்த ஃப்ரீடம்பாக்ஸ் இதே எண்ணம்தான்: ஆளாளுக்கு வீட்டில் ஒரு சின்ன சர்வர். ஆந்திர, தெலங்கானா கிராமங்களில் ஸ்வேச்சா அமைப்பினர் அதைக் கொண்டுபோய் வைத்து, கிராமத்து வைஃபைக்கு நடுவே உட்கார வைத்தார்கள். இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில், கிட்டத்தில் இருக்கும் பெட்டிக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவில் ரெடிட்டில் உட்கார்ந்து ஹோம்லேப் என்று ரேக் ரேக்காக அடுக்குகிறவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. இங்கே அது வீட்டில் புழங்கும் பண்டம்.

இப்போது சல்லடையில் தங்காதவை. மெயில். தயவு செய்து வீட்டில் மெயில் சர்வர் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பில் 25-ஆம் போர்ட்டை பெரும்பாலும் அடைத்திருப்பார்கள். உங்கள் ஐபியிலிருந்து போகும் மெயிலை எவனும் நம்ப மாட்டான். எதிர்ப்பக்கம் ஸ்பாமில் போய் விழுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தேரன்று வரும் கடிதம் காத்திருக்குமா என்பது அனுப்பியவன் சர்வரின் பொறுமையைப் பொறுத்தது. சொந்த டொமைன் வாங்கிக்கொண்டு, பெட்டியை நல்ல இடத்தில் வாடகைக்கு எடுங்கள். நாளைக்கு இடம் மாறினாலும் முகவரி மாறாது. வலைப்பதிவும் அப்படியே. படிக்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள், பதிவும் வெளியே இருப்பதுதான் நியாயம்.

விளம்பரத்தைத் தடுக்கும் பைஹோல் விஷயத்தில் பலரோடு எனக்குச் சண்டை. நல்ல மென்பொருள். ஆனால் வீட்டு டிஎன்எஸ் முழுவதையும் அதன் வழியாக விட்டால், அந்தப் பெட்டி படுத்த நிமிஷம் வீட்டில் நெட்டே படுத்துவிடும். ஒரு வசதிக்காக இல்லாத ஒரு கோளாறை உள்ளே அழைத்து வருகிறோம். என் கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டாருக்கு இல்லை.

வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் தொட வேண்டும் என்றால்தான் தலைவலி. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அதற்கு வந்திருக்கும் ஐபியைப் பாருங்கள். 100-இல் தொடங்கி, இரண்டாவது எண் 64-க்கும் 127-க்கும் நடுவில் இருந்தால் உங்களுக்கென்று தனி முகவரி கிடையாது. ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங் என்று யூடியூபில் காட்டுவதெல்லாம் அங்கே செல்லாது. ஐபிவி6 கிடைத்தால் ஒரு வழி பிறக்கும். இல்லையென்றால் டெயில்ஸ்கேல். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். ஆளை அடையாளம் பார்த்து இணைத்துவிடும் வேலையை மட்டும் அவர்கள் சர்வர் செய்கிறது. "சுயமா நடத்தறேன்னு சொல்லிட்டு இதுக்கு இன்னொருத்தனை நம்பலாமா?" என்று தூயவாதிகள் கேட்பார்கள். நம்பலாம். அது படுத்தாலும் வீட்டுக்குள் எல்லாம் ஓடும். என் சோதனை அவ்வளவுதான். சகிக்க முடியாதவர்களுக்கு, அந்த இணைக்கும் சர்வரையும் தாங்களே நடத்த ஹெட்ஸ்கேல் இருக்கிறது.

கரண்டு கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பரணில் கிடக்கும் பழைய டவர் கம்ப்யூட்டரை எடுத்து சர்வர் ஆக்கலாம் என்று ஆசை வரும். சும்மா இருக்கும்போதே அது 70 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்தில் 1,440 மணி நேரம். பெருக்கினால் 100.8 யூனிட். 100 யூனிட் இலவசம் என்றால் அத்தனையையும் அந்த ஒரு பெட்டியே தின்று தீர்த்துவிடும். கோடையில் ஏசி வேறு போட்டு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஆபீஸ்களில் கழித்துவிடும் உள்ளங்கை அகல மினி கம்ப்யூட்டர் 10, 12 வாட்டில் ஓடும். அதே இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். அக்னித் தலத்தில் இருக்கிறோம், ஏப்ரல் மே மாதங்களில் வீட்டுக்குள் இன்னொரு அடுப்பும் வேண்டாம்.

இதே காரணத்துக்காக, தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பையும் 24 மணி நேர சர்வராக்கச் சொல்ல மாட்டேன். பேட்டரியே யூபிஎஸ் என்று ஒரு வாதம் உண்டு. எட்டு, பத்து வருடப் பேட்டரி எங்கள் ஊர் வெயிலில் எப்போதும் சார்ஜிலேயே இருந்தால் உப்பிக்கொள்ளும். கழற்றிவிட்டு ஓட்டுவதானால் சரி.

ஆனால் அந்த லேப்டாப்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்சும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பாஸ் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதற்குச் சில வருடம் முன்பே ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகத்தையே சூசி லினக்சுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். அரசு அளவில் இவ்வளவு தூரம் போன மாநிலம் இது. அப்படியும் வீடுகளில் என்ன நடந்தது? பையன் லேப்டாப்பைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனான், கடைக்காரர் மொத்தமாக அழித்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார், முடிந்தது. டெண்டரில் எழுதி லினக்ஸை வீட்டு வாசல் வரை கொண்டுவந்துவிடலாம். உள்ளே அழைத்து உட்கார வைக்கப் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் கிடைத்த ஊர்களில் கதை வேறு. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழுவினர் கிராமத்து மாணவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் தமிழிலேயே லினக்ஸ் கட்டளைகளைச் சொல்லித் தந்தது. சென்னையில் ஐஎல்யூஜிசி கூட்டம் 1998-இலிருந்து இருக்கிறது. இப்போது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. தெருமுனைக் கடைக்காரருக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. நான் எங்கள் கடைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டேன். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்ததற்கும் அதே கூலி வாங்குகிறார், தாராளமாக வாங்கட்டும்.

எந்த லினக்ஸ் என்று கேட்காதீர்கள், சர்வருக்கு டெபியன். 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். நடுவில் பாதுகாப்புத் திருத்தம், பிழைத் திருத்தம் தவிர எதுவும் மாறாது. ஆர்ச் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் லேப்டாப்பில் ஓட்டுங்கள். அம்மாவின் உபன்யாசம் நிற்கக் கூடாத பெட்டியில் வேண்டாம். குபர்நெட்டிஸ் வீட்டுக்குத் தேவையே இல்லை. வேலைக்காகக் கற்கிறீர்கள் என்றால் அது படிப்பு, அதற்கு வேறு பெட்டி வையுங்கள்.

நகல். வீட்டில் இரண்டாவது டிஸ்க்கில் ஒன்று, கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் ஒன்று. போளூரிலேயே சொந்தக்காரர் இருக்கிறார், பக்கம்தான். ஆனால் ஃபெஞ்சல் மாதிரி ஒன்று வந்தால் மாவட்டமே சேர்ந்து நனைகிறது, அதனால் கோயம்புத்தூர். ரெஸ்டிக் கொண்டு பூட்டுப் போட்டுத்தான் போகிறது, அக்காவே நினைத்தாலும் திறக்க முடியாது. முதல் நகலை நெட்டில் அனுப்பிக்கொண்டு உட்காராதீர்கள். டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டு பஸ் ஏறுங்கள். அதன் பிறகு தினமும் புதிதாகச் சேர்ந்தது மட்டும் போனால் போதும். மாமா அந்தப் பெட்டியை டிவி ஸ்டாண்டில் வைத்திருக்கிறார், "இது என்னாத்துக்கு மினுக்கு மினுக்குன்னுது?" என்று தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார்.

கடைசியாக, மனைவி கேட்ட கேள்வி. "ஏங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப இது நின்னுட்டா நான் என்ன பண்ணணும்?" இதற்குப் பதில் இல்லாத சர்வர் என் சர்வராகத்தான் இருக்கும், வீட்டு சர்வராக இருக்காது. ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது: பட்டனை ஒரு தடவை அழுத்தி அணைக்கவும், விளக்கு நின்ற பிறகு மறுபடி அழுத்தவும், ஐந்து நிமிஷம் பொறுக்கவும், அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடவும், எதுவும் தொலையாது. டிஸ்க்கின் பூட்டுச்சொல் எங்கே இருக்கிறது, இது எதுவும் வேண்டாம் என்றால் படங்களை எந்த ஃபோல்டரில் சாதாரணக் கோப்புகளாகவே எடுக்கலாம் என்பதும் அதில் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்கு கரண்டு நிறுத்தும் நாட்களில் அவளே அணைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புகிறாள். என்னிடம் சொல்வதுகூட இல்லை.

வாங்குகிறவர்களுக்கு: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லெனோவா டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி மூன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், 8 ஜிபி ராம் போதும், 16 இருந்தால் இம்மிச்சுக்கு நல்லது. ராம் விலை இப்போது ஏறிக்கிடப்பதால் உள்ளே போட்டிருப்பதையே பார்த்து வாங்கிவிடுங்கள். அடாப்டர் சேர்த்துத்தானா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அடாப்டர் மாறும், திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.